விலைவாசிக்கு வரப்பு உண்டு; விளைவிப்பவருக்கு?

புதுச்சேரி நகரின் பெரிய மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து கத்தரியும் வெண்டையும் கீரைக்கட்டும் வந்து இறங்குகின்றன. கூடையை இறக்கிய விவசாயி, கைக்கு வந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, பருப்பும் எண்ணெயும் மிளகாயும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். விற்கும்போது விலை ஏறாதா என்று ஏங்குபவரும் அவரே. வாங்கும்போது விலை இறங்காதா என்று ஏங்குபவரும் அவரே. விலைவாசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாங்குகிற மனிதரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். விற்கிற மனிதரை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் விலைவாசி ஏற்றத்துக்குச் சட்டப்படி ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு 4 சதவிகிதம் என்பது இலக்கு. நடைமுறையில் 2 சதவிகிதத்துக்குக் கீழே போகாமலும் 6 சதவிகிதத்துக்கு மேலே ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு ரிசர்வ் வங்கியுடையது. வயலுக்கு இரு பக்கமும் வரப்பு போடுவது போன்ற ஏற்பாடு இது. இந்த வரப்பு சிறு விவசாயிக்கு நன்மையா, தீமையா என்ற கேள்வி கிராமங்களில் அதிகம் எழுவதில்லை. எழ வேண்டிய கேள்வி அது.

ரூபாயின் மதிப்பு என்றால் என்ன?

புதுச்சேரி மக்களுக்கு ரூபாயைப் பற்றித் தனி அனுபவம் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலும் இங்கே புழங்கியது ரூபாய்தான். ஆனால் அந்த நோட்டை வெளியிட்டது 1875-ல் பாரீசில் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி. 1954-ல் ஆட்சி மாறியபோது அந்த நோட்டும் மறைந்து, ரிசர்வ் வங்கியின் நோட்டு வந்தது. நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மாறினார். ஆனால் ஒரு ரூபாய்க்கு எத்தனை படி அரிசி கிடைக்கும் என்பதுதான் அன்றும் இன்றும் ரூபாயின் உண்மையான மதிப்பு.

இதற்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் இங்கேயே இருக்கிறது. 2015 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தர வேண்டிய தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கப்பட்டது. பணம் வந்தது. ஆனால் வந்த பணத்துக்குக் கடையில் எவ்வளவு அரிசி கிடைக்கிறது என்பதைத்தான் குடும்பத் தலைவிகள் பார்த்தார்கள். பணத்தின் தொகை உத்தரவு வந்தால்தான் மாறும். அரிசி விலை உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. எங்களுக்கு அரிசியே வேண்டும் என்ற குரல் ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது. பணவீக்கம் என்பது என்ன என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லப் பாடப் புத்தகத்தால் முடியாது.

எல்லை ஏன் வேண்டும்?

ஆண்டுக்கு 4 சதவிகிதம் விலை ஏறினால், இன்று 1,000 ரூபாய்க்கு வாங்கும் சாமான்களைப் பத்து ஆண்டு கழித்து வாங்க 1,480 ரூபாய் வேண்டும். ஆண்டுக்கு 10 சதவிகிதம் ஏறினால் 2,590 ரூபாய்க்கு மேல் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அகவிலைப்படி உண்டு. வியாபாரிக்கு விலையை ஏற்றிக்கொள்ள வழி உண்டு. ஆறு மாதம் காத்திருந்து ஒரே தடவையில் வருமானம் பார்க்கும் சிறு விவசாயிக்கும், அன்றாடக் கூலிக்காரருக்கும் அப்படி எந்த வழியும் இல்லை. ஆகவே கட்டுக்கடங்காத விலையேற்றத்தால் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்களே.

1974-75-ஆம் ஆண்டில் இந்தியாவில் மொத்த விலைகள் 25 சதவிகிதம் ஏறின. அந்தக் காலத்தை மூத்த விவசாயிகள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். 2009 முதல் 2013 வரையிலும் சில்லறை விலைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவிகிதம் ஏறின. அருகிலிருக்கும் இலங்கையில் நடந்தது இன்னும் கொடியது. 2021 மே மாதம் அங்கே ரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தார்கள். நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு போகம் கெட்டுவிட்டது. மறுபக்கம், அரசின் செலவுக்கு மத்திய வங்கி பணத்தை அச்சடித்துக் கொடுத்தது. அன்னியச் செலாவணியும் தீர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவிகிதம் கூடியிருந்தது. பட்டுத் தெரிந்த பிறகு 2023-ல் புதிய மத்திய வங்கிச் சட்டம் கொண்டுவந்து, 5 சதவிகிதம் என்று இலக்கு வைத்துக்கொண்டார்கள்.

சிறு விவசாயியை விற்பவர் என்று மட்டும் நினைப்பதும் தவறு. 2018-19-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பின்படி, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து கிடைத்தது 3,798 ரூபாய்தான். கூலியிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் கிடைத்தது 4,063 ரூபாய். அதாவது வயலைவிடக் கூலியே அதிகம் கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அரிசியும் எண்ணெயும் விலை ஏறாமல் இருப்பது பெரிய உதவி. எனவே விலைவாசிக்கு வரப்பு போட்டது சரியே. குறை வேறிடத்தில் இருக்கிறது.

எல்லை வந்த வழி

விலைவாசிக்கு இலக்கு வைக்கும் முறையை முதலில் கையாண்ட நாடு நியூசிலாந்து. 1989-ல் அதற்குச் சட்டம் செய்து, 1990-ல் 0 முதல் 2 சதவிகிதம் என்று எல்லை வகுத்தார்கள். பிறகு பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற வளரும் நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. இந்தியாவில் உர்ஜித் பட்டேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் இதைப் பரிந்துரை செய்தது. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் 4 சதவிகித இலக்கு அறிவிக்கப்பட்டு, 2021 மார்ச்சில் அதே இலக்கு 2026 மார்ச் வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மத்திய அரசு ரிசர்வ் வங்கியைக் கலந்துகொண்டு இலக்கை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

நியூசிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே விலைவாசிக் கணக்கில் உணவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இங்கே 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் கொடுக்கப்பட்ட பங்கு 45.86 சதவிகிதம். கிராமப்புறக் குறியீட்டில் 54.18 சதவிகிதம். 2024-ஐ அடிப்படையாகக் கொண்டு 2026-ல் வந்த புதிய குறியீட்டில் உணவின் பங்கு குறைக்கப்பட்டிருக்கிறது; ஆயினும் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்தான்.

இதன் பொருள் என்ன? அரிசி, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய் ஆகியவற்றின் விலை அசைந்தால் நாட்டின் விலைவாசிக் கணக்கே அசையும். இவற்றை விளைவிப்பவர் யாரோ, அவருடைய விளைபொருளின் விலைதான் பணவீக்கம் என்ற பெயரில் தினமும் அளக்கப்படுகிறது.

வட்டி மழையைக் கொண்டுவராது

ரிசர்வ் வங்கியின் கையில் இருக்கும் முக்கியக் கருவி ரெப்போ வட்டி. வங்கிகள் அவசரத் தேவைக்கு ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்கும்போது கொடுக்கும் வட்டி இது. இதை ஏற்றினால் வங்கிகளும் தங்கள் வட்டியை ஏற்றும். கடன் வாங்குவது குறையும்; வீடு, கார், தொழிற்சாலை என்று செலவு செய்வது குறையும்; பொருள்களுக்கான போட்டியும் குறைந்து விலை தணியும். இது மெதுவாக, பல மாதங்களில் வேலை செய்யும் மருந்து. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதத்துக்கு ஏற்றப்பட்டது.

ஆனால் எல்லா விலையேற்றமும் மக்கள் அதிகம் வாங்குவதால் வருவதில்லை. மழை தவறினாலும், மழை மிஞ்சினாலும், பூச்சி தாக்கினாலும் காய்கறி விலை ஏறும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது; பல ஊர்களில் 150 ரூபாயையும் தாண்டியது. அந்த மாதம் சில்லறை விலைவாசி ஏற்றம் 7.44 சதவிகிதம், உணவுப் பொருள்களில் மட்டும் 11.51 சதவிகிதம். ரெப்போ வட்டியை எவ்வளவு ஏற்றினாலும் செடியில் ஒரு தக்காளி கூடுதலாகக் காய்க்காது. ரிசர்வ் வங்கியும் இதை அறிந்தே ஆகஸ்டில் வட்டியை மாற்றாமல் விட்டுவைத்தது.

வட்டியால் முடியாத வேலையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. கூட்டுறவு அமைப்புகள் மூலம் மலிவு விலையில் தக்காளி விற்றார்கள். நேபாளத்திலிருந்தும் தக்காளி வந்தது. அதே நேரத்தில், விலையைக் கண்டு ஆசைப்பட்டு நட்ட தோட்டங்களெல்லாம் காய்ப்புக்கு வந்தன. செப்டம்பரில் பல மொத்தச் சந்தைகளில் தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போயிற்று. ஜூலையில் பேசிய தலைப்புச் செய்திகள் செப்டம்பரில் பேசவில்லை.

அந்த ஜூலை விலையும் முழுதாக விவசாயியின் மடியில் விழவில்லை. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வு அறிக்கைகளின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேருவது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மீதி, வழியிலேயே தங்கிவிடுகிறது.

சுமை யார் தோளில்?

தக்காளிக்காவது இயற்கை காரணம். மற்றப் பொருள்களில் அரசாணைகளே விலையை அமுக்கின. 2022 செப்டம்பரில் குறுணை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி. இது 2024 அக்டோபரில்தான் முற்றிலும் நீங்கியது. வெங்காயத்துக்கு 2023 ஆகஸ்டில் 40 சதவிகித ஏற்றுமதி வரி; டிசம்பர் 8 அன்று முழுத் தடை; 2024 மே மாதம்தான் தடை விலகியது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் விவசாயி நேரடியாகக் கப்பலில் அரிசி ஏற்றுவதில்லை. எனவே இது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்கத் தோன்றும். ஏற்றுமதி செய்பவருக்கு வரி விழுந்தால் அவர் அரிசி ஆலைக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பார். ஆலைக்காரர் நெல் வியாபாரிக்குக் குறைப்பார். வியாபாரி களத்து மேட்டில் குறைப்பார். விவசாயி யாருக்கும் குறைக்க முடியாது. கடைசியில் நிற்பவர் தோளில் சுமை தங்கும்.

உளுந்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2021 மே மாதம் முதல் உளுந்தைத் தடையின்றி இறக்குமதி செய்ய அனுமதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில், நெல் தரிசில் விதைத்த உளுந்து அறுவடையை நெருங்கும் வேளையில், அந்தச் சலுகை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. மணிலா போடும் விவசாயிக்குப் பாமாயில் போட்டி. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத பாமாயிலுக்கு 20 சதவிகித அடிப்படை இறக்குமதி வரி போட்டார்கள். எண்ணெய் விலை ஏறுகிறது என்று 2025 மே மாதக் கடைசியில் அதை 10 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள். வரியை நம்பி எண்ணெய் வித்துச் சாகுபடிக்குத் திட்டமிடுகிறவருக்கு ஒன்பது மாதம்கூட உறுதி இல்லை.

இறங்கும்போது கேட்பவர் யார்?

2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை விலைவாசி ஏற்றம் 6 சதவிகித வரப்பை மீறி நின்றது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் வரப்பு மீறப்பட்டால், காரணம் என்ன, தீர்வு என்ன, எப்போது சரியாகும் என்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதன்படி அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று பணக் கொள்கைக் குழு தனியாகக் கூடியது. பொறுப்புக் கேட்கும் நல்ல ஏற்பாடு இது.

இப்போது 2025-க்கு வரலாம். அந்த ஆண்டு அக்டோபரில் விலைவாசி ஏற்றம் வெறும் 0.25 சதவிகிதம். உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 5.02 சதவிகிதம் குறைந்திருந்தது. நகரங்களில் இது நல்ல செய்தி. ரெப்போ வட்டியும் 2025-ல் படிப்படியாக 6.5 சதவிகிதத்திலிருந்து 5.25 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அதே பருவத்தில் பல சந்தைகளில் உளுந்தும் பாசிப்பயறும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே விற்றன. அந்தப் பருவத்துக்கு உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்த விலை கிடைக்கவில்லை என்பதற்கு யாரும் யாருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அதற்குச் சட்டம் இல்லை.

குறை இங்கேதான் இருக்கிறது. நுகர்வோருக்கு விலை ஏறினால் கணக்குக் கேட்க ஒரு சட்டம். விளைவிப்பவருக்கு விலை இறங்கினால் கேட்க நாதி இல்லை.

ஆதரவு விலை ஏறித்தானே வருகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். சாதாரண ரக நெல்லுக்கு 2016-17-ல் குவிண்டாலுக்கு 1,470 ரூபாய். 2025-26-ல் 2,369 ரூபாய். ஆண்டுக்குச் சராசரி 5 சதவிகிதத்துக்கு மேல். ஆனால் அந்த விலைக்கு அரசிடம் விற்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? சாந்தகுமார் குழு 2015-ல் தந்த அறிக்கை, ஆதரவு விலையில் கொள்முதல் அமைப்புகளுக்கு விற்றவர்கள் விவசாயிகளில் 6 சதவிகிதம் பேர்தான் என்று கூறியது. எட்டும் தூரத்தில் கொள்முதல் நிலையம் இல்லாதவருக்கு ஆதரவு விலை என்பது பத்திரிகையில் படிக்கும் செய்தி மட்டுமே.

உணவை விலக்கிவிடலாமா?

உணவு விலையை வட்டியால் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே இலக்கிலிருந்து உணவையே நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை உண்டு. 2024 ஜூலையில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இந்த யோசனையைச் சொன்னது. குடும்பச் செலவில் இவ்வளவு பெரிய பங்கு கொண்ட உணவை ஒதுக்கிவிட்டுப் பார்க்க முடியாது என்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் மறுத்தார். 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கையும் இந்தக் கேள்வியை மக்கள் முன் வைத்தது.

உணவை நீக்கினால் தங்கள் விளைபொருளின் மேல் இருக்கும் அழுத்தம் போய்விடும் என்று விவசாயிகள் நம்ப இடமில்லை. ஏற்றுமதித் தடை போடுவது ரிசர்வ் வங்கி அல்ல, அரசு. வெங்காயம் விலை ஏறினால் குறியீட்டைப் பார்த்து மட்டும் அரசு அஞ்சுவதில்லை. வாக்குச்சீட்டைப் பார்த்தும் அஞ்சுகிறது. குறியீட்டில் வெங்காயம் இல்லாவிட்டாலும் தடை வரும். மேலும், கூலி வேலைக்கும் போகும் சிறு விவசாயியின் வீட்டுச் செலவில் பெரும்பகுதி உணவுதான். அதை எண்ணாமல் விடும் குறியீடு அவர் வீட்டு அடுப்பை அறியாத குறியீடு. எனவே உணவு கணக்கில் இருக்கட்டும். மாற வேண்டியது விலையைத் தணிக்கும் முறை.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவது, ஏற்றுமதித் தடையும் இறக்குமதி வரி மாற்றமும் விதைப்புக்கு முன்பே தெரிய வேண்டும். அறுவடை மாதங்களில் இவற்றைத் திடீரென மாற்றக் கூடாது. விலை மிகவும் ஏறினால் முழுத் தடைக்குப் பதில் முன்கூட்டியே அறிவித்த அளவில் வரி போடலாம். ரெப்போ வட்டியை மாற்ற இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடி, விவாதித்து, காரணத்தையும் வெளியிடுகிறார்கள். ஆனால் ஏற்றுமதித் தடை ஓர் இரவில் வருகிறது. வட்டிக்கு இருக்கும் ஒழுங்கு வரிக்கும் வேண்டும்.

இரண்டாவது, விலை ஏறும்போது மலிவு விலையில் விற்கும் அதே அமைப்புகள், விலை விழும்போது ஆதரவு விலையில் வாங்கவும் வேண்டும். துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றைப் பதிவு செய்த விவசாயிகளிடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் மத்திய அமைப்புகள் வாங்கும் என்று 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு நல்லது. அது பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் வந்து சேர வேண்டும். அறுவடைக்கு முன்பே பதிவும், அறுவடை நாளில் தராசும் தயாராக இருந்தால்தான் அந்த வாக்குறுதிக்குப் பொருள் உண்டு.

மூன்றாவது, விலைவாசியைத் தணிக்க நிலையான வழி கிடங்கும் குளிர்பதன அறையும் நல்ல விதையும் பாசனமும்தான். நுகர்வோரின் ஒரு ரூபாயில் விவசாயிக்கு 33 காசு என்பது 50 காசாக மாறினால், கடையில் விலை ஏறாமலே வயலில் வருமானம் ஏறும்.

நான்காவது, விலை விழும்போதும் கணக்குக் கேட்க வேண்டும். ஒரு விளைபொருள் அறுவடைக் காலம் முழுவதும் ஆதரவு விலைக்குக் கீழே விற்றால், காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் பொறுப்பான துறை எழுத்தில் வெளியிட வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு விதித்த கடமையை வேளாண், வாணிபத் துறைகளுக்கும் விதிப்பதில் தவறில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ரெப்போ வட்டி மாறினால் எல்லாக் கடனும் மாறிவிடாது. கிசான் கடன் அட்டை மூலம் 3 லட்சம் ரூபாய் வரை பெறும் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவிகிதம் தள்ளுபடி போக 4 சதவிகிதம்தான். இந்த ஏற்பாடு 2025-26-லும் தொடர்ந்தது. ரெப்போ ஏறியபோதும் இறங்கியபோதும் இந்த வட்டி மாறவில்லை. தவணை நாளைத் தவறவிட்டால் ரெப்போ மாற்றத்தைவிடப் பெரிய நஷ்டம் விவசாயிக்குத் தானே வந்து சேரும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு, டிராக்டர், கறவை மாடு ஆகியவற்றுக்கு நீண்டகாலக் கடன் வாங்கும்போது வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. மாறக்கூடிய வட்டியானால், ரெப்போ குறைந்த பிறகும் தம் கணக்கில் குறையவில்லையே என்று வங்கியில் கேட்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு.

ஒரு விளைபொருள் உச்ச விலையில் இருக்கும்போது அதை நம்பி முழு நிலத்திலும் அதையே நடுவது ஆபத்து. நட்டுக் காய்க்கும் வரைக்கும் அந்த விலை காத்திருக்காது. அதைத் தணிக்க அரசும் காத்திருக்காது. 2023 தக்காளி கற்றுத் தந்த பாடம் இது. நிலத்தைப் பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் நட்டால் ஒரு பறிப்பில் போனது அடுத்த பறிப்பில் வரும்.

மாதந்தோறும் 12-ஆம் தேதியை ஒட்டிச் சில்லறை விலைவாசிக் கணக்கு வெளியாகிறது. உணவு விலை மிகவும் ஏறியதாக அந்தக் கணக்கு சொன்னால், அடுத்த சில வாரங்களில் ஏதோ ஒரு தடையோ வரிக் குறைப்போ வரக்கூடும் என்று எதிர்பார்த்து நடந்துகொள்வது புத்திசாலித்தனம். இருப்பு வைத்திருப்பவர்கள் முழுவதையும் உச்ச விலைக்காகக் காத்து வைக்காமல், பகுதி பகுதியாக விற்பது மேல்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. இன்று கணக்குப் பார்க்காமல் உழுதால் அந்த உழக்கும் மிஞ்சாது. ரூபாயின் மதிப்பைக் காக்க 4 சதவிகித இலக்கு இருக்கட்டும். அது சிறு விவசாயிக்கும் வேலிதான். ஆனால் வேலியைத் தாங்கும் கம்பங்களாக விவசாயிகளை மட்டும் நட்டு வைப்பது நியாயம் ஆகாது. ஏற்றத்துக்கு ஒரு வரப்பு போட்டவர்கள் வீழ்ச்சிக்கும் ஒரு வரப்பு போட வேண்டும். பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்குபவரும் பருப்பு வாங்குபவரும் ஒரே மனிதர் என்பதை மும்பையிலும் டில்லியிலும் முடிவெடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதை நினைவூட்டும் பொறுப்பு விவசாயச் சங்கங்களுக்கும் உண்டு.